கரிமீன் கூறும் கரி

(தமிழ் மாணவர் அவையொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரை)



கரி என்னும் சொல்லுக்குப் பழந்தமிழில் சான்று என்பதும் ஒரு பொருள். திருக்குறளிலும் இச்சொல் அப்பொருளில் ஆளப்பெற்றுள்ளது. காணாததைக் கண்டதாகக் கூறும் சான்றைப் பொய்க்கரி என்று முன்னோர் பெயரிட்டனர். அதனைப் பெரும்பழியாகவும் கருதினர்.

குமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் கரிமீன் என்றும், தமிழகக் கீழைக் கரையில் செத்தக்கெண்டை என்றும் வழங்கும் மீனொன்று உண்டு. தட்டையான நீள்வட்ட உடல். பச்சை கலந்த சாம்பல் நிறம். உடலின் குறுக்கே கருவரிகள். செதில்தோறும் முத்துப் போன்ற வெண்புள்ளிகள். ஆறு கடலொடு கலக்கும் கழிகளிலும், ஏரி குளங்களிலும் அது வாழ்கின்றது. அதன் பெயரிலுள்ள கரி, கருமை பற்றி வந்தது எனலாம். சான்றைக் குறிக்கும் கரிக்கும் அதற்கும் உள்ளது ஒலியொப்புமை மட்டுமே. எனினும் அம்மீன் உண்மையிலேயே ஒரு சான்றாகத்தான் விளங்குகின்றது. மாந்த இனம் தோன்றுதற்குப் பல கோடி ஆண்டுகட்கு முன் ஞாலத்தில் நிகழ்ந்த பெருமாற்றம் ஒன்றுக்கு அது கரி கூறுகின்றது.

அம்மீன் கூறுவது யாது? கூறாதது யாது? இவ்விரண்டையும் பிரித்து அறிவதே இவ்வுரையின் நோக்கமாகும்.

நன்னீர் மீன் சான்றாவது எங்ஙனம்?

பறவை கடலைப் பறந்து கடக்கும். தேங்காய் நீரில் மிதந்து அயற்கரையில் முளைக்கும். சிலந்திக் குஞ்சு தன் நூலைப் பற்றிக் காற்றில் பறந்து தொலைவிலுள்ள தீவை அடையும். ஆகலின், இவை ஓரிடத்தில் காணப்பெறுவதைக் கொண்டு அந்நிலத்தின் பழமையைக் கூறிவிட இயலாது. நன்னீர் மீனின் நிலை வேறு. கடல் அதற்கு உயிர்ப்பகை, கரையும் அங்ஙனமே. அது செல்லத்தக்க வழி நன்னீர் ஓடும் வழி ஒன்றே.

இதற்குக் கரணியம் அதன் உடலமைப்பில் உள்ளது. நன்னீர் மீனின் குருதியில் உள்ள உப்பு, அது வாழும் நீரில் உள்ளதினும் மிகுதி. ஆதலால் வெளிநீர் இடையறாது அதன் உடலுட் புகுகின்றது. அவ்வாறு புகும் நீரைச் சிறுநீரகம் ஓயாது வெளியேற்றுகின்றது. அத்தகைய மீனைக் கடலில் விட்டால் நிலைமை தலைகீழாகும். கடல்நீரின் உப்பு குருதியின் உப்பினும் மிகுதியாதலின், உடலிலுள்ள நீர் வெளியேறும். நீர் நடுவே இருந்தும் மீன் நீரின்றி மடியும்.

எனவே ஓர் ஆற்றின் மீன் மற்றோர் ஆற்றை அடைய வேண்டுமாயின், அவ்விரண்டு ஆறுகளும் எக்காலத்திலேனும் நீரால் இணைந்திருத்தல் வேண்டும். ஒரு நிலத்தின் மீன் மற்றொரு நிலத்தில் இருக்குமாயின், அவ்விரு நிலங்களும் எக்காலத்திலேனும் ஒட்டியிருத்தல் வேண்டும். இதுவே நன்னீர் மீன் தரும் சான்றின் வலிமை.

நுரையீரல் மீன்கள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டாம். செவுளோடு நுரையீரலும் பெற்று, காற்றை நேரே உட்கொள்ளும் இப்பழமையான மீன்களில் இன்று எஞ்சியவை ஆறே இனங்கள். அவற்றுள் நான்கு ஆப்பிரிக்காவிலும், ஒன்று தென்னமெரிக்காவிலும், ஒன்று ஆசுத்திரேலியாவின் குயின்சுலாந்துப் பகுதியிலும் வாழ்கின்றன. இடையே இரு பெருங்கடல்கள். இவை கடலை நீந்திக் கடக்கவில்லை. இவற்றின் முன்னோர் வாழ்ந்த நிலமே பிளந்து பிரிந்தது.

எல்லா நன்னீர் மீன்களும் உப்புக்கு ஒரே அளவில் அஞ்சுவனவல்ல என்பதையும் இங்குக் கூறுதல் வேண்டும். 1938ஆம் ஆண்டில் மையர்சு என்னும் அமெரிக்க மீனியலறிஞர் நன்னீர் மீன்களை வகைப்படுத்தினார். உப்பை அறவே தாங்காதவை முதல்வகை. கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தவை இவ்வகைக்கு எடுத்துக்காட்டு. ஓரளவு தாங்குபவை இரண்டாம்வகை. கரிமீன் குடும்பம் இவ்விரண்டாம்வகையைச் சார்ந்தது. இவ்வேறுபாட்டை மனத்தில் கொள்க. பின்னர் இஃது ஒரு பெரிய வழக்குக்கு இடந்தரும்.

உறவை அறியும் முறை

தமிழ் மாணவர்க்கு இம்முறை புதியதன்று. மொழியுறவை ஆராயுமிடத்து ஒலியொப்புமை மட்டும் போதாது என்பதை அவர் அறிவர். இரு சொற்கள் ஒத்தொலிப்பதாலேயே அவை ஒரு வேரின என்று கூறிவிட இயலாது. இப்பொழுது கண்ட கரி என்னும் சொல்லே அதற்குச் சான்று. முறையான மாற்றத்தைக் காணல் வேண்டும். தமிழில் பல், பால், புலி எனப் பகரத்தில் தொடங்கும் சொற்கள் கன்னடத்தில் அப்பகரம் மெலிந்து மூச்சொலியாகத் தொடங்குகின்றன. ஒரு சொல்லில் மட்டும் இது நேர்ந்திருப்பின் தற்செயல் எனலாம். சொல்தோறும் ஒரே முறையில் நேர்தலின் அஃது உறவின் தடம் ஆகின்றது.

மீனுறவை ஆராய்வோரும் இவ்வாறே செய்கின்றனர். இரு மீன்கள் உருவில் ஒத்திருத்தல் போதாது. விரைந்தோடும் நீரில் வாழும் மீன்கள் எந்நாட்டினவாயினும் பெரும்பாலும் ஒல்லியாகவே இருக்கும். சேற்றில் வாழ்வன பலவும் மீசை பெற்றிருக்கும். இவை வாழிடம் தந்த வடிவங்கள். குருதியுறவைக் காட்டுவன அல்ல. ஒரு முன்னோரிடம் புதிதாகத் தோன்றி, அதன் வழிமரபினரிடம் மட்டுமே காணப்பெறும் மாற்றமே உறவைக் காட்டும்.

அத்தகைய மாற்றங்கள் எலும்பிலும் தசையிலும் மட்டுமல்லாமல் மரபணுக்களிலும் பதிந்துள்ளன. ஒவ்வோர் உயிரணுவிலும் மரபுச் செய்தி நான்கே எழுத்துகளால் எழுதப்பெற்ற நீண்ட ஏடாக அமைந்திருக்கின்றது. தலைமுறைதோறும் அவ்வேடு படியெடுக்கப்பெறுகின்றது. ஏடெழுதுவோர் கைப்பிழை போன்று ஆங்காங்கே எழுத்து மாறுகின்றது. பழைய சுவடிகளை ஒப்பிட்டுப் பதிப்பிப்போர், இரு சுவடிகளில் ஒரே பிழை ஒரே இடத்தில் இருப்பின் அவை ஒரு தாய்ச்சுவடியினின்று படியெடுக்கப்பெற்றவை என்று துணிவர். மரபணு ஆய்வாளர் துணிவதும் இவ்வாறே. தாய்வழியாக மட்டும் வரும் இழைமணி மரபணுக்களும், தாய் தந்தை இருவர்வழியும் வரும் உட்கரு மரபணுக்களும் இவ்வகையில் ஒப்பிடப்பெறுகின்றன.

கரிமீனின் சுற்றம்

கரிமீனை 1790ஆம் ஆண்டில் செருமானிய மீனியலறிஞர் புளோக்கு அறிவியல் முறையில் பெயரிட்டு விளக்கினார். இந்தியாவில் இயற்கையாக வாழும் அதன் நெருங்கிய உறவினர் இரண்டு: ஒன்று கேரளத்தில் பள்ளத்தி எனப்பெறும் சிறிய மஞ்சள்நிற மீன், மற்றொன்று மேலைமலைத் தொடரினின்று இறங்கும் ஆறுகள் சிலவற்றில் மட்டும் வாழும் கன்னடநாட்டு மீன். கரிமீனும் பள்ளத்தியும் ஈழத்திலும் உள்ளன.

இம்மூன்றும் சிக்குலிடு என்னும் பெருங்குடும்பத்தைச் சேர்ந்தவை. அக்குடும்பத்தில் அறிவியலார் இதுவரை விளக்கிய இனங்கள் 1,700க்கு மேற்பட்டவை. பெற்றோர் முட்டையையும் குஞ்சையும் காத்து வளர்ப்பது இக்குடும்பத்தின் சிறப்பு. கரிமீன் கல்லிலோ கட்டையிலோ முட்டைகளை ஒட்டிவைத்து, ஆணும் பெண்ணும் மாறி மாறிக் காவலிருந்து, செட்டையால் நீரை வீசிக் காற்றூட்டும். பள்ளத்திக் குஞ்சுகள் தாய்தந்தையர் உடலில் ஊறும் கொழுநீரைக் கொத்தி உண்டு வளர்வதும் ஆராய்ந்து காணப்பெற்றுள்ளது.

இப்பெருங்குடும்பம் நான்கு கிளையினது. அமெரிக்கக் கிளை ஒன்று. ஆப்பிரிக்கக் கிளை ஒன்று. மடகாசுக்கர்த் தீவுக்கே உரிய கிளை ஒன்று. கரிமீனின் கிளை ஒன்று. ஆப்பிரிக்கப் பேரேரிகளாகிய விக்டோரியா, மலாவி, தங்கனிக்கா ஆகியவற்றில் நூற்றுக்கணக்கில் பல்கியிருப்பவை இரண்டாம் கிளையினவாம்.

இனி வியப்பு யாதெனின், கரிமீனின் கிளை முழுமையும் இந்தியாவிலும் ஈழத்திலும் அடங்கிவிடவில்லை. அதன் மறுபாதி மடகாசுக்கரில் உள்ளது. அங்குள்ள பத்துக்கு மேற்பட்ட இனங்கள் கரிமீனுக்கு மிக நெருங்கியவை. இரு பாலினவற்றுக்கும் காற்றுப்பை முன்னோக்கி நீண்டு உட்செவியைத் தொடும் சிறப்பமைப்பு உண்டு. அதனால் அவை ஒலியைக் கூர்ந்து உணர்கின்றன. மரபணுவும் இவ்வுறவையே உறுதிப்படுத்துகின்றது.

மடகாசுக்கரையும் ஆப்பிரிக்காவையும் பிரிக்கும் மொசாம்பிக்குக் கால்வாயின் குறுகிய இடம் ஏறத்தாழ 400 கி.மீ. அகலமுடையது. மடகாசுக்கரின் வடமுனைக்கும் குமரிமுனைக்கும் இடையே ஏறத்தாழ 3,800 கி.மீ. கடல் உள்ளது. அவ்வாறிருந்தும், இம்மடகாசுக்கர் மீன்களுக்கு நெருங்கிய உறவு அண்டையிலுள்ள ஆப்பிரிக்க மீனன்று, தொலைவிலுள்ள கரிமீனே. ஆப்பிரிக்காவினின்று நிலவழியே பரவிக் கரிமீன் இந்தியாவை அடைந்தது என்பதற்கும் இடமில்லை. ஈரானில் இக்குடும்ப மீன்கள் உண்டு. ஆனால் அவை ஆப்பிரிக்கக் கிளையின. கரிமீன் கிளையின அல்ல.

மூழ்கிய நிலமா, நகர்ந்த நிலமா?

கடல் நடுவே கிடக்க, இருகரையிலும் ஒரே குடும்பத்து உயிர்கள் இருப்பது எங்ஙனம் என்னும் வினா மீனைக் கொண்டு முதலில் எழவில்லை. தேவாங்கைக் கொண்டு எழுந்தது. தமிழகத்திலும் ஈழத்திலும் வாழும் தேவாங்குக்கு உறவாகிய இலெமூர்கள் மடகாசுக்கரில் நிறைந்துள்ளன. 1864ஆம் ஆண்டில் ஆங்கிலேய விலங்கியலறிஞர் பிலிப்பு இசுகிளேட்டர், இவற்றை இணைத்த பெருநிலம் ஒன்று இருந்து பின் மறைந்திருத்தல் வேண்டும் என்று கருதி, அதற்கு இலெமூரியா என்று பெயரிட்டார். நிலம் இருந்த இடத்திலேயே இருக்கும் என்றும், உயரலாம் அல்லது தாழலாம் என்றும் மட்டும் அறிவுலகம் எண்ணிய காலம் அது. அக்காலத்துக்கு அக்கருத்து இயல்பானதே.

1885ஆம் ஆண்டில் ஆசுத்திரிய நிலநூலறிஞர் எடுவர்டு சூசு, தென்ஞாலப் பெருநிலத்துக்குக் கோண்டுவானா என்னும் பெயரை வழங்கினார். இப்பெயர் நடு இந்தியாவிலுள்ள கோண்டு மக்களின் நாட்டுப் பெயரினின்று வந்தது. கோண்டி மொழி திரவிட மொழிக்குடும்பத்தைச் சேர்ந்தது. ஞாலமெங்கும் நிலநூல் பயில்வோர் நாள்தோறும் கூறும் பெயரொன்று தமிழின் உறவினர் பெயராயிருப்பது தமிழர் அறியவேண்டிய செய்தியே.

1912ஆம் ஆண்டில் செருமானிய அறிஞர் ஆல்பிரடு வெகனர், நிலங்கள் மூழ்கவில்லை, நகர்ந்தன என்று உரைத்தார். அறிஞருள் பலர் அதனை ஏற்க மறுத்தனர். அவர் 1930இல் கிரீன்லாந்துப் பனிவெளியில் உயிர்துறந்தார். அவர் மறைந்து முப்பது ஆண்டு கழிந்தபின், 1960களில், கடலடித் தரையை அளந்து ஆராய்ந்தபொழுது அவர் கொள்கையின் உண்மை வெளிப்பட்டது. கடலடித் தரை நடுவில் பிளந்து, உருகிய பாறை மேலெழுந்து உறைந்து, இருபுறமும் விலகிச் செல்கின்றது. அதன்மேலமைந்த நிலங்களும் உடன் செல்கின்றன.

அந்நகர்ச்சியின் காலவரிசை இன்று ஓரளவு தெளிவாகத் தெரியும். ஏறத்தாழ 16 கோடி ஆண்டுகட்கு முன், இந்தியாவும் மடகாசுக்கரும் ஒன்றாய் இருந்த நிலையிலேயே ஆப்பிரிக்காவை விட்டு விலகத் தொடங்கின. ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகட்கு முன் தென்னமெரிக்காவும் ஆப்பிரிக்காவும் முற்றப் பிரிந்தன. ஏறத்தாழ 8 கோடியே 80 இலக்கம் ஆண்டுகட்கு முன் இந்தியா மடகாசுக்கரை விட்டுப் பிரிந்து வடக்கே சென்றது. ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகட்கு முன் ஆசியாவொடு மோதத் தொடங்கியது. அம்மோதலில் எழுந்ததே இமயம்.

கரிமீனின் கிளை இருகரையிலும் பிரிந்து கிடப்பதற்கு இவ்வரலாறு விளக்கம் தருகின்றது. நிலம் ஒன்றாயிருந்தபொழுது மீனும் ஒன்றாயிருந்தது. நிலம் இரண்டானபொழுது மீனும் இரண்டாயிற்று.

தீராத வழக்கு

ஆயினும், எதிர்வழக்கைக் கேளாமல் தீர்ப்புரைத்தல் முறையாகாது. இவ்விளக்கத்தை மறுப்போரும் உளர். அவர்தம் மறுப்பும் எளியதன்று.

அவர் கூறுவது இது: கரிமீன் குடும்பத்தின் கல்லான எச்சங்களுள் மிகப் பழையவற்றின் அகவை ஐந்து கோடி ஆண்டுகளைத் தாண்டவில்லை. ஆப்பிரிக்காவின் தன்சானியாவில் மகெங்கே என்னுமிடத்தில் கிடைத்தவை ஏறத்தாழ 4 கோடியே 60 இலக்கம் ஆண்டு பழமையன. நிலங்கள் பிரிந்த காலத்திலேயே இக்குடும்பம் இருந்திருப்பின், அதற்கு முற்பட்ட பாறைகளில் அதன் எலும்பு ஒன்றேனும் கிடைத்திராதா? அக்காலத்து வேறு நன்னீர் மீன்களின் எச்சங்கள் கிடைக்கின்றனவே. மேலும் இவை உப்பை ஓரளவு தாங்கும் இரண்டாம்வகை மீன்கள்; கரிமீன் உவர்க்கழியில் வாழ்வது கண்கூடு. ஆகலின் இவை பிற்காலத்தில் கடல்வழியே பரவியிருத்தல் கூடும்.

மரபணுக் கொண்டு காலம் கணிப்போரும் இருதிறத்தினராக உள்ளனர். எழுத்துப்பிழைகள் ஏறத்தாழ ஒரே விரைவில் சேர்கின்றன என்று கொண்டு, இரு மீன்களின் ஏட்டிலுள்ள வேறுபாட்டை எண்ணி, அவை பிரிந்த காலத்தைக் கணிப்பது மரபணுக் கடிகை எனப்படும். 2008ஆம் ஆண்டில் சப்பானிய ஆய்வாளர் இழைமணி மரபணுக்களை முழுமையாக ஒப்பிட்டு, மீன்கள் பிரிந்த காலம் நிலங்கள் பிரிந்த காலத்தொடு ஒக்கின்றது என்று கண்டனர். 2013ஆம் ஆண்டில் பிரீடுமன் என்பாரும் உடனாய்வாளரும் கல்லான எச்சங்களையும் உட்கரு மரபணுக்களையும் கொண்டு கணித்து, இக்குடும்பமே நிலங்கள் பிரிந்து நெடுங்காலம் கழிந்த பின்னர்த்தான் தோன்றியது என்றனர்.

ஒரே கடிகை இருவேறு காலம் காட்டுவது எங்ஙனம்? எந்தக் கடிகையையும் தொடங்குமிடத்தில் திருத்தி வைத்தல் வேண்டும். மரபணுக் கடிகையைத் திருத்தி வைப்பது அகவை தெரிந்த கல்லெச்சம். எவ்வெச்சத்தைக் கொள்வது, அதனைக் கிளையில் எங்கு வைப்பது என்பதைப் பொறுத்து விடை மாறும். 2019ஆம் ஆண்டில் கேரளத்தில் நிலத்தடி நீரில் வாழும் புதுமீன் ஒன்று அறிவியலுலகிற்கு அறிமுகமானது, விராலை ஒத்தது, நீண்டு மெலிந்தது. 2020இல் அது தனிக் குடும்பம் என்று உறுதியாயிற்று. விரால் குடும்பத்தினின்று அது பிரிந்த காலம், ஓர் எச்சத்தைக் கொண்டு கணித்தால் 3 கோடியே 40 இலக்கம் ஆண்டு. மற்றோர் எச்சத்தைக் கொண்டு கணித்தால் 10 கோடியே 90 இலக்கம் ஆண்டு. அதனைக் கண்ட ஆய்வாளர் இரண்டு விடைகளையும் மறையாமல் எழுதினர். அறிவியலின் பெருமை இங்குள்ளது. விடை இரண்டாயிருப்பின் இரண்டென்று கூறுவதே மெய்க்கரி.

எனினும் வழக்காடும் இருதிறத்தாரும் மறுக்காதவை சில உள. கரிமீனுக்கு நெருங்கிய சுற்றம் மடகாசுக்கரில் உள்ளது என்பது ஒன்று. அச்சுற்றம் பிரிந்தது கோடிக்கணக்கான ஆண்டுகட்கு முன் என்பது மற்றொன்று.

மீனைப் பொய்க்கரியாக்க வேண்டா

அவையீர்! ஈண்டுச் சிறிது நின்று எண்ணுதல் வேண்டும். இலெமூரியா என்னும் பெயர் தமிழகத்தில் வேர்கொண்டது. தமிழ் நூல்கள் கூறும் கடல்கோட் செய்திகளொடு அது இணைக்கப்பெற்றது. கரிமீனும் மடகாசுக்கர் மீனும் உறவென்று கேட்டவுடன், மூழ்கிய தமிழ்நிலத்துக்கு இதோ ஒரு சான்று என்று ஆர்வத்தால் கூறிவிடத் தோன்றும். அவ்வாறு கூறுதல் தகாது.

கரணியங்கள் மூன்று. முதலாவது, மடகாசுக்கருக்கும் இந்தியாவுக்கும் இடைப்பட்ட கடலடித் தரை பெரும்பாலும் நிலங்கள் விலகியபொழுது புதிதாய் உறைந்த எரிமலைப் பாறை. பழைய நிலத்தின் சிறு துண்டுகள் ஆங்காங்கு உண்டாயினும், மூழ்கிய பெருநிலம் அங்கு இல்லை. இரண்டாவது, இசுகிளேட்டர் கருதிய இலெமூரே மடகாசுக்கருக்கு ஆப்பிரிக்காவினின்று மிதவைகளின்மேல் கடல்வழி வந்தது என்பதே இன்று பெரும்பாலோர் கொள்கை. மூன்றாவது, கால அளவு. இன்றைய மாந்த இனத்தின் எலும்புகளுள் மிகப் பழையன ஏறத்தாழ 3 இலக்கம் ஆண்டினவே. இந்தியா மடகாசுக்கரை விட்டுப் பிரிந்த காலத்துக்கும் இதற்கும் இடையே எட்டுக் கோடி ஆண்டுகட்கு மேல் உள்ளன. அக்காலத்தில் மாந்தர் இல்லை, மொழி இல்லை, குரங்கினமும் இல்லை. இருந்தது மீன்.

சிலப்பதிகாரமும் இறையனார் களவியலுரையும் கூறும் கடல்கோட் செய்திகளை ஆராயும் களம் வேறு. அது மாந்தர் வாழ்ந்த காலத்துக் கடலைப் பற்றியது. ஏறத்தாழ 20,000 ஆண்டுகட்கு முன், பனியூழியின் உச்சத்தில், கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதினும் ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. பாக்கு நீரிணை அன்று நிலமாயிருந்தது. தமிழகத்தினின்று ஈழத்துக்கு நடந்து செல்லத்தக்க வழி இருந்தது. பனி உருகக் கடல் உயர்ந்து கரையோர நிலங்களைக் கொண்டது. இது நிலநூல் ஒப்பும் உண்மை. இதனை எட்டுக் கோடி ஆண்டுக்கு முற்பட்ட பிரிவொடு கலத்தல் இரண்டையும் கெடுப்பதாகும்.

இந்நிலவழியைப் பற்றியும் நன்னீர் மீன்கள் கூறுவது எதிர்பாராதது. நிலம் பலகால் இணைந்திருந்தும், ஈழத்தின் நன்னீர் மீனினங்களில் பாதிக்கு மேற்பட்டவை ஈழத்துக்கே உரியவை. 2004ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று மீன், நண்டு, தவளை முதலியவற்றின் மரபணுக்களை ஒப்பிட்டு, மேலைமலைத் தொடரின் உயிர்களும் ஈழத்து உயிர்களும் நெடுங்காலம் தனித்தனியே வளர்ந்தவை என்று காட்டியது. நிலம் இணைந்தாலும், இடையில் கிடந்தது வறண்ட தாழ்நிலம். மலையோடையின் குளிர்நீரில் வாழ்ந்த மீனுக்கு அது கடலினும் கடத்தற்கு அரியதாயிருந்திருக்கும்.

தமிழின் தொன்மைக்குத் தமிழே சான்று. அதன் இலக்கணம் சான்று. அதன் இலக்கியம் சான்று. பானையோட்டிலும் பாறையிலும் பொறித்த எழுத்துச் சான்று. இத்துணை மெய்ச்சான்று உடைய மொழி ஒரு மீனைப் பொய்க்கரி கூற அழைக்க வேண்டுவதில்லை. ஒரு பொய்ச்சான்று கலந்தால், மாற்றார் அதனைக் காட்டி நூறு மெய்ச்சான்றையும் தள்ளிவிடுவர்.

ஊழி பல கடந்து வந்த பங்காளி

இனி, சான்றின் இன்றைய நிலையைக் காண்போர்க்கு வருத்தமே மிஞ்சும்.

1952ஆம் ஆண்டில் ஆப்பிரிக்க மீனொன்று மண்டபத்துக்குக் கொணரப்பெற்றது. ஏழை மக்களுக்கு எளிதில் ஊனுணவு கிடைத்தல் வேண்டும் என்பது அதனைப் பரப்பியோர் எண்ணம். அதுவே இன்று தமிழகத்துக் குளந்தோறும் சிலேபி என வழங்கும் மீன். அதுவும் சிக்குலிடு குடும்பத்தினதே. ஆப்பிரிக்கக் கிளையைச் சார்ந்தது. கோடிக்கணக்கான ஆண்டுகட்கு முன் பிரிந்த பங்காளி, மாந்தர் கையால் ஒரே குளத்தில் மீண்டும் சந்தித்தது.

சந்திப்பு நலமாக அமையவில்லை. சிலேபியின் தாய் முட்டைகளை வாயினுள் வைத்துக் காக்கும், இளமையிலேயே இனம்பெருக்கும், ஆண்டில் பலமுறை குஞ்சு பொரிக்கும், கிடைப்பதை உண்ணும், கலங்கல் நீரையும் உவர்நீரையும் பொறுக்கும். விட்ட குளத்தில் அது நிற்கவில்லை. ஏரிக்கும் ஆற்றுக்கும் கழிக்கும் பரவியது. இரைக்கும் இடத்துக்கும் நாட்டுமீன்கள் அதனொடு போராட வேண்டியதாயிற்று. இதில் மீனின் குற்றம் ஒன்றுமில்லை. கோடிக்கணக்கான ஆண்டுப் பிரிவை ஒரு கூடையில் கொணர்ந்து கொட்டியோர் மாந்தர். ஆப்பிரிக்காவில் அச்சிலேபியின் தாயகத்திலேயே, நைல் ஆற்றுச் சிலேபி புகுத்தப்பெற்றுக் கலப்பதால், அதன் தூயவினம் அழியும் நிலையில் உள்ளது. புகுத்தியது கெடுவதும், புகுந்த இடம் கெடுவதும் ஒரே செயலின் இரு விளைவுகள்.

மடகாசுக்கர்ச் சுற்றத்தின் நிலையும் இரங்கத்தக்கது. காடழிந்து, ஆறு தூர்ந்து, அயல்மீன் பெருகி, அங்குள்ள இனங்கள் பல அருகிவருகின்றன. மங்கரகரா ஆற்று மீன் என்னும் ஓரினத்தில், 2013ஆம் ஆண்டில் இலண்டன் உயிர்க்காட்சிச் சாலையார் அறிந்தவரை எஞ்சியவை ஒருசில ஆண்மீன்களே; பெண்மீன் ஒன்றும் இல்லை. எவரிடமேனும் பெண்மீன் உண்டோ என்று உலகினரை அவர் கேட்டனர். அவ்வாண்டின் இறுதியில் மடகாசுக்கரின் ஒதுங்கிய நீர்நிலையொன்றில் சிறு கூட்டமொன்று உயிரோடு காணப்பெற்றது. அம்மீன் தப்பியது. தப்பாதவை எத்தனையோ?

கரிமீன் இன்று அழியும் நிலையில் இல்லை. 2010ஆம் ஆண்டில் கேரள அரசு அதனை மாநில மீனாக அறிவித்தது, பண்ணைகளிலும் வளர்க்கின்றனர். ஆனால் அதன் உடன்பிறப்பாகிய கன்னடநாட்டு மீன் சில ஆறுகளில் ஒடுங்கி நிற்கின்றது. அணையாலும் மணற்கொள்ளையாலும் கழிவாலும் அவ்வாறுகள் கெட்டால் அதற்குப் போக்கிடம் இல்லை. கடலைக் கடக்க இயலாமையே அதனைச் சான்றாக்கியது. அவ்வியலாமையே அதன் உயிருக்கும் உலையாக உள்ளது.

செயற்பாலது

ஓரினம் அழியும்பொழுது அதன் பெயரும் அழிகின்றது. அயிரை, ஆரால், உளுவை, குரவை, கெளுத்தி, பனையேறி, விரால் என்று ஒவ்வொரு மீனுக்கும் தமிழில் தனிப்பெயர் உண்டு. பருவத்துக்கும் அளவுக்கும் ஏற்ப ஒரே மீனுக்கு வெவ்வேறு பெயர் வழங்கும் ஊர்களும் உண்டு. இப்பெயர்களுள் பல அகரமுதலிகளில் ஏறவில்லை. வலைவீசும் முதியோர் நாவில் மட்டுமே வாழ்கின்றன. குளத்தில் சிலேபி ஒன்றே எஞ்சும் நாளில், அவ்வூர்ச் சிறுவனுக்கு மற்றைப் பெயர்கள் எதற்கு?

ஆகலின் மாணவர் செய்யத்தக்கது ஒன்று உண்டு. அதற்குப் பெரும்பொருள் வேண்டா. ஒவ்வொருவரும் தம் ஊர்க் குளத்தில், கோடையில் நீர் வற்றி மீன்பிடிக்கும் நாளில், எவ்வெம்மீன் கிடைத்தது என்று பார்த்து எழுதுக. பிடிப்போர் அதற்கு வழங்கும் பெயரை அவர் ஒலிக்கும் வண்ணமே எழுதுக. முன்பு கிடைத்து இப்பொழுது கிடையாதது யாது என்று முதியோரைக் கேட்டு எழுதுக. அறியாததை அறியாதது என்றே எழுதுக. அயல்மீனைப் புதிய குளத்தில் விடாதீர். விடுவோர்க்கு எடுத்துக் கூறுக.

அவ்வாறு எழுதப்பெறும் ஏடு நாளை மீனாய்வார்க்கும் உதவும், சொல்லாய்வார்க்கும் உதவும். கரிமீன் தான் கண்டதை மட்டும் தன் உடலிலும் மரபணுவிலும் எழுதி, கோடிக்கணக்கான ஆண்டு காத்து வைத்துள்ளது. ஒரு கோடைக்காலம் குளக்கரையில் நின்று, கண்டதைக் கண்டவாறு எழுதிவைத்தல் மாந்தர்க்கு அரிதன்று.